மைக் முன்னால் வாய் அடைத்துப்போகிறதா? கடலோரத்து ஆட்கள் கேட்கும் மேடைப்பேச்சுக் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் உள்ள ஊர்களில் மனு எழுதிக் கொடுப்பதும், கூட்டத்தில் பேசப் போகிறவர்களை முந்தின நாள் சாயங்காலம் உட்கார வைத்துப் பழக்கிவிடுவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். கூலி கிடையாது, சில நாள் நண்டு கிடைக்கும். படகுச் சங்கத்து ஆட்கள், மகளிர் குழு அக்காமார், கல்லூரிப் பிள்ளைகள் என்று யார் வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரிய பேச்சாளர் ஆக விரும்புகிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. ஒரு காரியம் நடந்தாக வேண்டும், அதற்காகப் பேசியே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு உதவும்.

கரையில் நின்றால் பத்துப் பேரை மடக்கிப் பேசுவேன். மைக்கைக் கையில் கொடுத்தால் வாய் அடைத்துப்போகிறது. ஏன்?

கரையில் நீங்கள் பேசுவது உங்கள் பேச்சு. மைக் வந்ததும் வேறு யாரோ மாதிரி பேசப் பார்க்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

விடியற்காலை ஏலம் நடக்கிற இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எங்கள் ஊரில் நான் அடிக்கடி கவனிப்பது ஒரு மதினியை. படகிலிருந்து இறக்கிய விளமீன் கூடையைத் தரையில் வைப்பார். வாயே திறக்க மாட்டார். மேலே கிடக்கிற மீனின் செவுளை விரலால் நெம்பி, உள்ளே இருக்கிற ரத்தச் சிவப்பை, வாங்க வந்த கம்பெனி ஆளின் முகத்துக்கு நேரே காட்டுவார். அப்புறம்தான் பேச்சு: "ராத்திரி பட்டது. ஐஸ் படல." அவ்வளவுதான். அந்த ஆள் குறைத்துக் கேட்டால் கோபப்பட மாட்டார். பக்கத்தில் நிற்கிற இன்னொரு வியாபாரியை ஒரு பார்வை பார்ப்பார். விலை ஏறும்.

சாட்சியை முதலில் வைத்தார், ஒரே ஒரு காரணம் சொன்னார், பணம் எடுக்கப் போகிற ஆளைப் பார்த்தே சொன்னார், சொன்னதும் நிறுத்திக்கொண்டார். மேடையில் பேச இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? ஆனால் அதே மதினியை மகளிர் தினத்தன்று மேடையேற்றியபோது, "இந்தப் பொன்னான வாய்ப்பினை நல்கிய" என்று யாரோ எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்தார். 'நல்கிய' என்ற இடத்தில் நாக்குத் தட்டியது. மீதியை அழுகிற குரலில் ஒப்பித்துவிட்டு இறங்கிவிட்டார்.

கரைப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை. கரையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தலாம், சொன்னதையே சொல்லலாம், கெட்ட வார்த்தையும் வரும். மேடைக்கு அது ஆகாது. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று வரிசையைச் சரிசெய்யுங்கள். சொற்கள் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

கேட்பவரை இணங்க வைப்பது என்றால் என்ன? கைதட்டு வாங்குவதுதானே?

கைதட்டு வேறு, கையெழுத்து வேறு. பட்டிமன்றத்தில் எந்த அணி ஜெயித்தாலும் கேட்டவர் வீட்டில் மறுநாள் ஒன்றும் மாறாது. எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும்தான். திருவிழாவில் பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டே வளர்ந்ததால், பேச்சு என்றாலே எதுகை மோனையும் சிரிப்பும்தான் என்று நமக்கு மனதில் பதிந்துவிட்டது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்து அரிஸ்டாட்டில், பேச்சு ஒருவரை இணங்க வைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்: பேசுகிறவர் மேல் இருக்கிற நம்பிக்கை, கேட்கிறவரின் மனநிலை, சொல்லப்படுகிற காரணம். நம் ஆட்கள் கேட்கிற மாதிரி சொன்னால், "யாரு சொல்றது?", "எனக்கு என்ன?", "சொல்றது சரிதானா?" இதில் முதல் கேள்வியை நாம் சுத்தமாக மறந்துவிடுகிறோம். குழுவில் வாங்கிய கடனை ஒரு வருடமாகக் கட்டாதவர் சேமிப்பைப் பற்றி என்ன அழகாகப் பேசினாலும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம்தான் கேட்கும். அந்த மாதிரி நேரத்தில் பேச வேறு ஆளை அனுப்புவதுதான் நல்ல தயாரிப்பு.

எங்கிருந்து தயாரிக்க ஆரம்பிப்பது?

காகிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள். யார் 'சரி' சொன்னால் வேலை நடக்கும்? அவர் என்ன செய்ய வேண்டும்? இந்த இரண்டும் தெரியாமல் பேச்சை எழுத உட்காராதீர்கள். கூட்டத்தில் 300 பேர் இருக்கலாம். 'சரி' சொல்ல வேண்டியவர் ஒருவராகவோ இருவராகவோதான் இருப்பார்.

அடுத்து, அந்த ஆள் மனதில் ஓடப் போகிற 'ஆனால்' என்ன என்று யோசியுங்கள். படகு இறங்குதளத்துக்கு விளக்கு கேட்கிறீர்கள். அதிகாரிக்கு இருட்டு தெரியாமல் இல்லை. அவருக்குள் ஓடுவது, "கரண்ட் பில்லை யார் கட்டுவது?" அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் பேச்சில் இல்லை என்றால், இருட்டைப் பற்றி நீங்கள் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அவர் காதில் பில் மட்டும்தான் ஓடும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அதில் என்ன பேசுவது?

பட்டணம்காத்தானில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மக்கள் குறைதீர்க்கும் நாளன்று போனவர்களுக்குத் தெரியும், வரிசை எவ்வளவு நீளம் என்று. காலையில் பஸ் ஏறி, மனுவைப் பதிந்து, காத்திருந்து, நம் முறை வரும்போது அரை நிமிடம். பெரும்பாலானவர்கள் அந்த அரை நிமிடத்தில் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்:

"ஐயா, நாங்க பரம்பரை பரம்பரையா கடலை நம்பிப் பொழைக்கிற ஜனம். எங்க கஷ்டத்தைக் கேக்க நாதி இல்ல. எத்தனையோ தடவை மனு குடுத்துப் பாத்துட்டோம்..."

எல்லாம் உண்மைதான். ஆனால் என்ன வேண்டும் என்பதே இன்னும் வரவில்லை. அதற்குள் மனு பக்கத்து மேசைக்குப் போய்விடும். இதையே இப்படிச் சொல்லிப் பார்த்தோம்:

"ஐயா, வணக்கம். எங்க ஊர் இறங்குதளத்துல ராத்திரி விளக்கு இல்ல. போன மாசம் ரெண்டு பேர் படியில வழுக்கி விழுந்தாங்க, ஆஸ்பத்திரிச் சீட்டு மனுவோட வச்சிருக்கோம். கம்பம் ஏற்கெனவே நிக்குது, விளக்கு மட்டும் போட்டாப் போதும். கரண்ட் பில்லைப் பஞ்சாயத்து கட்டும்னு தீர்மான நகலும் இருக்கு. இதை எந்தத் துறைக்கு அனுப்புறீங்கன்னு மட்டும் சொல்லுங்கய்யா."

கடைசி வரியைக் கவனியுங்கள். "விளக்கு போட்டுக் குடுங்க" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்று வரும். "எந்தத் துறைக்கு?" என்றால் ஒரு துறையின் பெயர் வந்துதான் ஆக வேண்டும். அந்தப் பெயர் வாயிலிருந்து வந்துவிட்டால், அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று நமக்குத் தெரிந்துவிடும். இதைச் சொல்லிப் பார்த்து மணி பார்த்தோம்: அரை நிமிடத்துக்குள் முடிந்தது. பேச வந்த அண்ணன் பஸ்ஸில் வழி நெடுக வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

புள்ளிவிவரம் சொன்னால் எடுபடுமா?

ஒன்று சொன்னால் எடுபடும். ஏழு சொன்னால் ஒன்றும் நிற்காது.

இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். "அது போதவில்லை" என்பது உங்கள் கருத்து. கேட்பவருக்கு வேறு கருத்து இருக்கலாம். 8,000 ரூபாயை 61 நாளுக்குப் பங்கு வைத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். இது கணக்கு. ஒரு கூட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் இதைச் சொல்லிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி மூச்சு விடும் நேரம் சும்மா நின்றான். எதிரே இருந்த அதிகாரி மனு ஓரத்திலேயே வகுத்துப் பார்த்தார். நாம் சொல்கிற எண்ணைக் கேட்பவர் தானே போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூட்டிச் சொல்லாதீர்கள். கடலுக்குப் போன விசைப்படகு எத்தனை என்பதற்கு மீன்துறையில் டோக்கன் கணக்கு இருக்கிறது. 'ஆயிரக்கணக்கான படகு' என்று நீங்கள் ஒரு இடத்தில் அளந்துவிட்டால், மீதி நீங்கள் சொன்ன உண்மையெல்லாம் சந்தேகத்துக்குப் போய்விடும்.

கச்சத்தீவைப் பற்றிப் பேசலாமா?

கச்சத்தீவுக்காகக் கூட்டிய கூட்டம் என்றால் தாராளமாக. 1974 ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பித்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் குடிநீர்க் குழாய்க்காகப் போன இடத்தில் கச்சத்தீவில் இறங்கிவிட்டால் குழாயை மறந்துவிட வேண்டியதுதான். எதிரே இருப்பவருக்கும் அது நிம்மதி. "அது டெல்லி விவகாரம்" என்று கையை விரித்துவிடலாம்.

'தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே' எல்லாம் சொல்லத்தான் வேண்டுமா?

வெளியூரில் தேவையில்லை. "மேடையிலும் கீழேயும் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்" போதும். சொந்த ஊரில் ஊர்த்தலைவர், சங்கத் தலைவர், கூட்டம் போட்டவர் என்று மூன்று பேரைச் சொல்லிவிடுங்கள். விட்டால் மனம் கோணும், கோணிய மனம் நீங்கள் சொல்கிற எதற்கும் தலையாட்டாது. நாலாவது பேர் சொன்னால் ஐந்தாவது ஆளுக்குக் கோபம் வரும், அதனால் மூன்றோடு நிறுத்துங்கள்.

எதிர்த் தரப்பும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

இதுதான் இந்தக் கரையில் கஷ்டமான பேச்சு. விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே கடலில்தான் பிழைக்கின்றன. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று வழக்கம். 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும்தான் வலை அறுபடுகிறது.

வலை அறுபட்ட ஒருவர் சமாதானக் கூட்டத்துக்குப் போவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த முதல் வரி, "எங்க வயித்துல அடிக்கிறீங்க." அதை எடுத்துவிடச் சொன்னேன். சண்டையே வந்தது. கடைசியில் அவர் பேசியது இது:

"உங்க போட்டுல வேலைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு எங்க மச்சான், மாமாதான். டீசல் போட்டுட்டு வெறும் மடியோட திரும்புனா படகு வச்சிருக்குற சம்மாட்டிக்கு எவ்வளவு நட்டம்னு எங்களுக்கும் தெரியும்."

விசைப்படகுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் சொல்ல வந்ததை எதிராளி முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களுக்குக் கத்துவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அப்புறம் அவர் சாக்கிலிருந்து அறுந்த வலையை எடுத்து மேசை மேல் விரித்தார். ஈரம் காயவில்லை, பாசியும் ஒட்டியிருந்தது. "இது வியாழக்கிழமை அறுந்தது. எங்க நாளு." எந்தப் படகு என்று அவருக்குத் தெரியும். நம்பரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் படகுக்காரர் தன் மானத்துக்காக எழுந்திருப்பார், அவருக்காக எல்லாரும் எழுந்திருப்பார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: நாள் தவறி வரும் படகைச் சங்கமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அதற்கு ஒத்துக்கொண்டார்கள். வலைக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. அவர் இன்றைக்கும் அதற்காக என்னைத்தான் திட்டுகிறார். "நீ சொன்ன மாதிரி மெதுவாப் பேசுனதால போச்சு" என்கிறார். இருக்கலாம்.

கேட்பவர்களை அழ வைக்க முடியுமா?

முடியும், ஆனால் அதற்காக மெனக்கெடாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போனதைப் பற்றி மேடையில் 'கோரத் தாண்டவம்', 'ஆழிப் பேரலை' என்று முழங்கக் கேட்டிருக்கிறேன். கூட்டம் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தது. அதே கூட்டத்தில் அடுத்து வந்த பெரியவர், அந்த ராத்திரி தன் அம்மா அரிசிப் பானையை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியதாகவும், மேட்டுக்கு வந்து பார்த்தால் பானைக்குள் மணல் மட்டும் இருந்ததாகவும் சொன்னார். அந்த அம்மா அந்தப் பானையைக் கடைசி வரை வீட்டில் வைத்திருந்தாராம். சுண்டல் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். பெரிய துயரத்துக்குப் பெரிய சொல் வேண்டாம், ஒரு பானை போதும்.

பயம் போக என்ன வழி?

போகாது. எனக்கு இன்னும் போகவில்லை.

என் முதல் பேச்சு ஒரு கோயில் விழா மேடையில். ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு போனேன். கச்சான் காற்று அடிக்கிற மாதம். இரண்டாவது பக்கம் திருப்பும்போது மூன்றிலிருந்து ஒன்பது வரை பறந்து முன்வரிசையில் விழுந்தது. பிள்ளைகள் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள், வரிசை மாறி. ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு நாலாம் பக்கம் படித்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் இன்று வரை வலிக்கிறது. அப்படியென்றால் அந்தப் பேச்சில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்றுதானே அர்த்தம்?

அன்றிலிருந்து காகிதம் கிடையாது. உள்ளங்கை அளவு அட்டையில் நாலு சொல். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடம். நடுவில் தடுமாறினாலும் பரவாயில்லை, எங்கே போய் முடிக்க வேண்டும் என்று தெரிந்தால் கால் தன்னால் நடக்கும்.

கிரேக்கத்துப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்று, பழைய காலத்தில் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு மேல் கத்தியும் பழகினார் என்று சொல்வார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு அரியமான் பீச்சுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போங்கள், நல்லதுதான், குரல் திறக்கும். ஆனால் அலை 'ஏன்?' என்று கேட்காது. விஷயம் தெரியாத ஒரு ஆளிடம், முடிந்தால் வலை பின்னிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த வரி நல்ல வரி.

மைக்கும் காற்றும் படுத்துகிற பாட்டுக்கு என்ன செய்வது?

கடலோரக் கூட்டத்தில் பாதிப் பேச்சைக் காற்றுதான் தின்கிறது. மைக்குக்கு நுரை உறை கேளுங்கள், இல்லையென்றால் கைக்குட்டையை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. ஊதாதீர்கள், தட்டாதீர்கள். தலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் கூவும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்றாலும் கூவும். முகத்துக்கு நேரே காற்று அடித்தால் கொஞ்சம் திரும்பி நில்லுங்கள்.

கூம்பு ஸ்பீக்கர் கட்டிய ஊரில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். அங்கே வேகமாகப் பேசினால் சொல் மேல் சொல் விழுந்து ஒன்றும் புரியாது. வரிக்கு வரி விட்டுப் பேசுங்கள். பாங்கு சொல்லும்போதோ கோயில் மணி அடிக்கும்போதோ நிறுத்திவிடுங்கள். எல்லா மதத்தாரும் கலந்து உட்கார்ந்திருக்கிற கரை இது. அந்த ஒரு நிமிட மௌனம் மரியாதை, உங்களுக்கும் மூச்சு.

கிராமசபையில் பெண்கள் எழுந்தால் "உக்காரும்மா" என்கிறார்கள். என்ன செய்வது?

தனியாக எழாதீர்கள். மூன்று பேராகப் போங்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் காகிதங்களை வைத்திருப்பார், இன்னொருவருக்கு ஒரே வேலை: "அக்கா பேசி முடிக்கட்டும்ங்கய்யா" என்று சொல்வது. இந்த மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள். சிரித்த முகமாகவும் நகராத ஆளாகவும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு அப்பத்தாள்தான் அந்த வேலைக்கு. அவரை யாரும் "உக்காரு" என்று சொல்ல முடியாது.

உங்கள் பலம் என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வருடத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த 200 கையெழுத்துக்கு உங்கள் குழுவைத்தான் தேடி வருவார்கள். கையெழுத்துப் போடும் முன்பே "இன்னைக்கு எங்க விஷயத்தை எடுக்கணும்" என்று சொல்லிவிடுங்கள்.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவர், மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களுக்காக அதிகாரிகளிடம் பேசிப் பேசியே வழி கண்டவர். 2015இல் அவருக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்குத் தருகிற சீகாலஜி பரிசு கிடைத்தது. பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். "எங்களைத் தடுக்காதீர்கள்" என்பதோடு "நாங்களே குறைத்துக்கொண்டோம்" என்றும் சொல்ல முடிகிறவர்களை மறுத்துப் பேசுவது சுலபமில்லை.

இந்தப் பக்கத்தில் யாராவது அப்படிப் பேசி மாற்றியிருக்கிறார்களா?

ஏன் இல்லை? 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியை ஆட்களே இழுத்தார்கள், மன்னரும் கூட நின்று இழுத்தார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் பேச்சு. அவர் ஆங்கிலத்தில் பேச, தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள்.

என்ன பேசினார் என்பதைப் பாருங்கள். நிற்பதோ ராமேஸ்வரம் சந்நிதி. கேட்பவர்களோ சிவனைக் கும்பிட எங்கெங்கிருந்தோ நடந்து வந்தவர்கள். அவர்களிடம் போய், விக்கிரகத்தில் மட்டும் சிவனைப் பார்க்கிறவரின் பூஜை ஆரம்ப நிலைதான், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைப் பார்க்கிறவரே உண்மையில் சிவனைக் கும்பிடுகிறவர் என்று சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கல் வந்திருக்கும். அவர் சிவனை விடச் சொல்லவில்லை. அவர்கள் மதிக்கிற சிவனையே கையில் பிடித்துக்கொண்டு, அப்படியே நாலடி நகர்த்தி ஏழை வீட்டு வாசலில் வைத்தார். கேட்பவர் பிடித்திருக்கிற கயிற்றை அறுக்காமல் அதே கயிற்றால் இழுப்பது என்பது இதுதான். மேலே சொன்ன வலைக்காரர் "மச்சான், மாமா" என்று ஆரம்பித்ததும் இதே வேலைதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் பிரசங்கம் ஆரம்பித்தார். பாதிரிமார் பிரசங்கம் செய்கிற முறையை மிஷன் பள்ளியில் இருந்து பார்த்தவர், அதையே சைவத்துக்குத் திருப்பிவிட்டார். தெற்கே தூத்துக்குடியில் 1908இல் கோரல் மில் தொழிலாளர்களிடம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி, ஒன்பது நாளில் சம்பள உயர்வோடு முடிந்தது. மார்ச் 12 அன்று இருவரையும் கைது செய்தார்கள். பேச்சு வெறும் பேச்சாக இருந்திருந்தால் எதற்குக் கைது?

கலாம் மாதிரி கூட்டத்தைத் திருப்பிச் சொல்ல வைக்கலாமா?

மாணவர்களிடம் எடுபடும். ராமேஸ்வரத்தில் பிறந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அவர், பிள்ளைகளைத் தன்னோடு சேர்ந்து உறுதிமொழி சொல்ல வைப்பார். தன் வாயால் சொன்னதை மறப்பது கஷ்டம் என்பதுதான் அதன் சூட்சுமம். சங்கக் கூட்டத்தில் இதைச் செய்தால் பெரியவர்கள் நெளிவார்கள். அங்கே கை தூக்கச் சொல்லுங்கள், போதும்.

திருக்குறள் சொல்லி ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரம் இருக்கிறது, வீட்டில் படியுங்கள். குற்றமில்லாமல் சில சொல் சொல்லத் தெரியாதவர்தான் பல சொல் சொல்ல ஆசைப்படுவார் என்று அதிலேயே இருக்கிறது.

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பீர்களா?

மாட்டேன். பிள்ளையிடம் அது உண்மையிலேயே கோபப்பட்ட ஒரு விஷயத்தைக் கேளுங்கள். ஸ்கூல் பஸ் நிற்காமல் போனது, தம்பிக்கு மட்டும் பெரிய மீன் துண்டு வைத்தது, எதுவாக இருந்தாலும் சரி. அதைச் சொல்லச் சொல்லிவிட்டு நீங்கள் கேளுங்கள். பரிசு கிடைக்காமல் போகலாம்.

பேசியாகிவிட்டது, எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம்?

எழுத்தில் வாங்குங்கள். மனு என்றால் ரசீதும் அதில் உள்ள எண்ணும். கிராமசபை என்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை நாங்கள் அரை மணி நேரம் பேசி, எல்லாரும் கை தூக்கி, 'இறங்குதளத்தில் விளக்கு அமைக்க வேண்டும்' என்று முடிவானது. புத்தகத்தை எட்டிப் பார்த்தால் 'விளக்கு குறித்து விவாதிக்கப்பட்டது' என்று இருந்தது. திருத்துங்கள் என்றோம். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றார்கள். எங்களில் ஒருவரிடமும் பேனா இல்லை. கடைக்கு ஓடிய பையன் திரும்பி வருவதற்குள் மேசையை மடித்துவிட்டார்கள். விளக்குக்கு அடுத்த கிராமசபை வரை காத்திருந்தோம். இப்போதெல்லாம் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போகிறேன்.